ஜர்னல் பேப்பருக்கு ரெஃபரன்ஸ் எழுதுவது: குமரி மாவட்ட ஆய்வு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நம் மாவட்டத்தில் ஆய்வுக்கு விஷயப் பஞ்சம் கிடையாது. ராஜாக்கமங்கலத்தில் கடலறிவியல் மையம் இருக்கிறது. மணவாளக்குறிச்சி மணலில் கதிரியக்கம், பேச்சிப்பாறை மலைப்பக்கத்தில் மருந்துச்செடிகள், சுசீந்திரம்–தேரூர் குளங்களில் பறவைகள் என்று எல்லாமே ஒரு பஸ் தூரத்தில் கிடக்கின்றன. வேலையும் நன்றாகத்தான் நடக்கிறது. ஆனால் எழுதி முடித்த பேப்பர் கடைசி மூன்று நான்கு பக்கங்களில், ரெஃபரன்ஸ் பட்டியலில் வந்து தட்டி நிற்கிறது. நாகர்கோவிலில் ஒரு கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து அந்தப் பக்கங்களைப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். பேப்பரில் அவை ஆங்கிலத்தில்தான் போகும்.

எந்த ஸ்டைலில் எழுதுவது? வான்கூவரா, ஏபிஏவா, ஹார்வர்டா?

அதை முடிவு செய்வது நீங்களோ உங்கள் கைடோ இல்லை, ஜர்னல்தான். ஜர்னலின் இணையதளத்தில் ஆசிரியர்களுக்கான வழிகாட்டிப் பக்கம் இருக்கும். அதைப் படியுங்கள். படித்ததோடு விடாமல், அந்த ஜர்னலின் கடைசி இதழில் வந்த இரண்டு பேப்பர்களை இறக்கி, அவற்றின் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டிப் பக்கத்தைப் பல ஜர்னல்கள் வருடக்கணக்கில் புதுப்பிப்பதில்லை. அச்சில் வந்திருப்பதும் வழிகாட்டி சொல்வதும் வேறாக இருந்தால் அச்சில் வந்ததைப் பின்பற்றுங்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு குடும்பங்கள். ஒன்று எண் முறை: எழுத்தில் முதலில் வருவது 1, அடுத்தது 2, பட்டியலும் அதே வரிசையில். 1978இல் மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் வான்கூவர் நகரில் கூடிப் பேசியதிலிருந்து வளர்ந்தது வான்கூவர் முறை. மற்றொன்று பெயர்–ஆண்டு முறை: எழுத்தில் ஆசிரியர் பெயரும் ஆண்டும், பட்டியல் அகர வரிசையில். ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த முறை) அந்த வகை. ஹார்வர்டும் அந்த வகைதான், ஆனால் ‘ஹார்வர்ட்’ என்று ஒரே ஒரு விதிப்புத்தகம் கிடையாது. ஒவ்வொரு பதிப்பகமும் தனக்கென்று ஒரு ஹார்வர்ட் வைத்திருக்கிறது. ஜர்னல் ‘ஹார்வர்ட் ஸ்டைல்’ என்று மட்டும் சொன்னால் யாருடைய ஹார்வர்ட் என்று பழைய இதழைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரே பேப்பர் இரண்டு ஸ்டைலில் எப்படி மாறும்? ஒன்றைக் காட்டுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததையே எடுப்போம். ராமன் விளைவை அறிவித்து ராமனும் கிருஷ்ணனும் 1928இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய குறிப்பு.

வான்கூவரில்: ராமன் சிவி, கிருஷ்ணன் கேஎஸ். எ நியூ டைப் ஆஃப் செகண்டரி ரேடியேஷன். நேச்சர். 1928;121:501-2.

ஏபிஏவில்: ராமன், சி. வி., & கிருஷ்ணன், கே. எஸ். (1928). எ நியூ டைப் ஆஃப் செகண்டரி ரேடியேஷன். *நேச்சர்*, *121*(3048), 501–502. https://doi.org/10.1038/121501c0

வான்கூவரில் இனிஷியலுக்குப் புள்ளியோ இடைவெளியோ இல்லை. ஆண்டு, அரைப்புள்ளி, தொகுதி, முக்காற்புள்ளி, பக்கம் என்று இடைவெளியின்றி ஒட்டி வருகிறது. 502 என்பது 2 என்று சுருங்கிவிட்டது. ஏபிஏவில் ஆண்டு பெயருக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குள் வந்துவிட்டது. ஜர்னல் பெயரும் தொகுதி எண்ணும் சாய்வெழுத்தில், இதழ் எண் அடைப்புக்குள், பக்கங்கள் முழுதாக, நடுவில் நீளக்கோடு, கடைசியில் டிஓஐ என்ற கட்டுரை அடையாளத்தின் இணைப்பு. ஒரு பட்டியலில் 60 வரிகள் இருந்தால் இப்படி நூற்றுக்கணக்கான புள்ளிகள் மாற வேண்டும். கையால் மாற்ற உட்கார்ந்தால் கண்ணும் போகும், வேலையும் நடக்காது. சாஃப்ட்வேர் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஜர்னல் பெயரைச் சுருக்கச் சொன்னால் ‘கரண்ட் சயின்ஸ்’ என்பது ‘கர் சயி’ போலச் சுருங்கும். ‘நேச்சர்’ போன்ற ஒற்றைச் சொல் பெயர் சுருங்காது. உங்களுக்குத் தோன்றியபடி சுருக்காதீர்கள், அதற்கு ஐஎஸ்ஓ 4 என்ற தரவிதியும் சொற்பட்டியலும் உண்டு. ஜர்னல் பின்னாளில் பெயர் மாறியிருந்தால், கட்டுரை வந்தபோது என்ன பெயரோ அதையே எழுத வேண்டும். நம் கடலியல்காரர்கள் அடிக்கடி எடுக்கும் ‘இண்டியன் ஜர்னல் ஆஃப் மரைன் சயின்சஸ்’ பின்னர் ‘ஜியோ-மரைன்’ ஆனது. பழைய பேப்பருக்குப் புதுப் பெயர் போட்டால் தேடுகிறவர் தவறான இடத்தில் தேடுவார்.

நம் ஊர்ப் பெயர்களில் எது சர்நேம்? இனிஷியலை எங்கே போடுவது?

அதிகமான பிழைகள் வருவது இங்கேதான். நமக்கு இருப்பது ஒரு பெயர், முன்னால் அப்பா பெயரின் இனிஷியல். சிலருக்கு ஊருக்கோ வீட்டுப் பெயருக்கோ இன்னொரு எழுத்து. கிறிஸ்தவக் குடும்பங்களில் இரண்டு பெயர் சேர்ந்தும் வரும். ஜர்னல்களின் வார்ப்புருக்களோ குடும்பப் பெயர் உள்ள நாடுகளை மனதில் வைத்து உருவானவை.

பிறர் பேப்பரைப் பட்டியலில் எழுதும்போது விதி எளிது: முழுதாக எழுதப்பட்ட பெயர் முதலில், இனிஷியல் பின்னால். சி. வி. ராமன் ‘ராமன் சிவி’ ஆகிறார். எம். எஸ். சுவாமிநாதன் ‘சுவாமிநாதன் எம்எஸ்’ ஆகிறார். இரண்டு பகுதியும் முழுதாக எழுதப்பட்டிருந்தால்தான் குழப்பம். சுப்ரமணியன் சந்திரசேகர் என்பதில் முதலாவது அப்பா பெயர், இரண்டாவதுதான் அவர் பெயர். ‘சந்திரசேகர் எஸ்’ என்று போடுவது சரி. ஆனால் எல்லாரும் அந்த வரிசையில் எழுதுவதில்லை. தன் பெயரை முன்னும் அப்பா பெயரைப் பின்னும் போடுகிறவர்கள் இப்போது நிறைய. சந்தேகம் வந்தால் அதே ஆசிரியரின் வேறு இரண்டு பேப்பர்களைத் திறந்து பாருங்கள். ஏதாவது ஒன்றில் இனிஷியலோடு இருக்கும், விடை கிடைத்துவிடும்.

இனி உங்கள் சொந்தப் பெயர். சப்மிஷன் படிவத்தில் ‘லாஸ்ட் நேம்’ கட்டாயம் என்று நட்சத்திரக் குறி இருக்கும். ஒரு பேப்பரில் அங்கே இனிஷியலைப் போடுகிறார்கள், அடுத்ததில் அப்பா பெயரை விரித்துப் போடுகிறார்கள், இன்னொன்றில் வெறும் புள்ளி வைக்கிறார்கள். அந்தப் புள்ளியும் தரவுதளத்தில் அப்படியே ஏறிவிடும். விளைவு, மூன்று பேப்பர் எழுதிய ஒருவர் மூன்று ஆளாகப் பிரிந்து கிடப்பார். உங்களை மேற்கோள் காட்டியவர்களின் எண்ணிக்கையும் சிதறிப்போகும். முதல் பேப்பர் அனுப்பும் முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்து, வாழ்நாள் முழுக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆர்சிட் எண்ணும் வாங்கிவிடுங்கள். 2012 முதல் இயங்கும் இலவச ஏற்பாடு அது. உங்களுக்கென்று 16 இலக்க எண் தரும், பெயர் எப்படிச் சிதைந்தாலும் எண் ஒன்றுதான்.

கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்றும் மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. ரேஷன் கார்டிலும் வங்கியிலும் எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள். பேப்பரில் எழுதும் பெயர் உங்கள் உழைப்பின் பெயர், அதை அப்படியே வைத்திருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. எந்த ஜர்னலும் ஆதார் கேட்பதில்லை.

ரெஃபரன்ஸ் அடுக்கும் சாஃப்ட்வேர் கட்டாயமா? எது நல்லது?

பத்து ரெஃபரன்ஸ் உள்ள சிறு குறிப்புக்குத் தேவையில்லை. அதற்கு மேல் போனால் தேவை. நான் சொல்லிக் கொடுப்பது ஜோட்டெரோ. இலவசம், திறந்த மூலம், 2006 முதல் இருக்கிறது, வேர்டிலும் லிப்ரே ஆபீஸிலும் கூகுள் டாக்ஸிலும் வேலை செய்யும். அவர்கள் சர்வரில் 300 எம்பி இடம் இலவசம். பிடிஎஃப்களை எல்லாம் அங்கே ஏற்றினால் அது சீக்கிரம் நிறைந்துவிடும். பிடிஎஃப்களைக் கணினியில் வைத்துக்கொண்டு விவரங்களை மட்டும் சிங்க் செய்தால் போதும். மெண்டலியும் இலவசமாகக் கிடைக்கும், அது 2013 முதல் எல்செவியர் கையில் இருக்கிறது. எண்ட்நோட்டுக்குக் காசு. உங்கள் துறையில் வேர்டுக்குப் பதில் லேடெக்ஸில் எழுதும் பழக்கமென்றால் அதன் துணைக்கருவியான பிப்டெக் போதும்.

சாஃப்ட்வேர் செய்வது அடுக்குவதை மட்டும். உள்ளே போட்ட விவரம் தப்பென்றால், அந்தத் தப்பை அழகாக அடுக்கித் தரும். அதனால் ஒரு பேப்பரைச் சேர்த்த அன்றைக்கே, பிடிஎஃப்பின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஆசிரியர் பெயர்கள், தலைப்பு, ஆண்டு, தொகுதி, பக்கம் எல்லாவற்றையும் ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். ஒரு பேப்பருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. மொத்தமாகக் கடைசியில் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தால் நடக்காது.

வேர்டில் சாஃப்ட்வேர் போட்ட பட்டியலைக் கையால் திருத்தாதீர்கள். அடுத்த முறை புதுப்பிக்கும்போது உங்கள் திருத்தம் காணாமல் போகும். திருத்த வேண்டியதை ஜோட்டெரோவுக்குள் திருத்துங்கள்.

கூகுள் ஸ்காலரில் ‘சைட்’ பொத்தானை அழுத்தி ஒட்டினால் போதாதா?

போதாது. அங்கே ஐந்து ஸ்டைல்களில் வரும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் டிஓஐ இருக்காது, சில நேரம் இதழ் எண் விடுபட்டிருக்கும், தலைப்பில் பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறியிருக்கும், மாநாட்டுக் கட்டுரை ஜர்னல் கட்டுரை போலத் தெரியும். தேடிக் கண்டுபிடிக்க ஸ்காலர் அருமையானது. விவரத்தைப் பதிப்பகத்தின் பக்கத்திலிருந்து எடுங்கள்.

டிஓஐ என்றால் என்ன? ஐஎஸ்எஸ்என்தானே அது?

இல்லை. ஐஎஸ்எஸ்என் முழு ஜர்னலுக்கும் உள்ள 8 இலக்க எண், அது ரெஃபரன்ஸில் வரவே வராது. டிஓஐ ஒரு கட்டுரைக்கு மட்டுமான அடையாளம். 10 என்று தொடங்கும். சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது பதிப்பாளருக்கானது, பின்னால் இருப்பது கட்டுரைக்கானது. நேச்சர் கட்டுரைகள் 10.1038 என்று ஆரம்பிக்கும். ஜர்னல் வேறு பதிப்பகத்துக்குக் கைமாறினாலும் டிஓஐ மாறாது, அதனால்தான் ஜர்னல்கள் அதைக் கேட்கின்றன. ராமனின் 1928 குறிப்புக்குக்கூட இப்போது டிஓஐ உண்டு, ‘பழைய பேப்பர், டிஓஐ இருக்காது’ என்று நினைத்து விட்டுவிட வேண்டாம். டிஓஐகளைப் பதிவு செய்யும் க்ராஸ்ரெஃப் அமைப்பின் தளத்தில் உங்கள் பட்டியலை அப்படியே ஒட்டினால் டிஓஐ கண்டுபிடித்துத் தரும் இலவச வசதி இருக்கிறது. கல்லூரிகள் நடத்தும் பல சிறு ஜர்னல்களில் நிஜமாகவே டிஓஐ இல்லை. இல்லாததை விட்டுவிடலாம், எதையாவது இட்டு நிரப்பக் கூடாது.

மூலத்தைப் படிக்காமல், அதைச் சொன்ன பேப்பரிலிருந்து ரெஃபரன்ஸை எடுத்துப் போடலாமா?

கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் கூடாது என்பதை நம் மணவாளக்குறிச்சி விஷயத்திலேயே பார்க்கலாம்.

மணலில் தோரியம்-232 எவ்வளவு என்று அளந்தவர்கள், உலக சராசரியோடு ஒப்பிட ஐநா கதிரியக்க அறிவியல் குழுவின் 2000ஆம் ஆண்டு அறிக்கையைக் காட்டுவது வழக்கம். ஒரு பேப்பரில் ‘உலக மதிப்பு கிலோவுக்கு 30 பெக்கரல்’ என்று இருக்கும். இன்னொன்றில் அதே அறிக்கையைக் காட்டி ‘45’ என்று இருக்கும். மாணவர் ஏதோ ஒன்றைப் பார்த்து எழுதிவிடுகிறார். ஜர்னலுக்காகப் பேப்பரை மதிப்பிடும் ரிவியூவர் மற்றதைச் சொல்லித் திருப்புகிறார். இரண்டுமே அந்த அறிக்கையில் இருக்கின்றன. 30 என்பது மண்ணில் உள்ளதன் நடுமதிப்பு, 45 என்பது மக்கள்தொகைக்கு ஏற்ப எடையிட்ட சராசரி. அறிக்கையின் இணைப்பு ‘பி’யைத் திறந்து அந்த அட்டவணையைப் பார்த்தவருக்கு இது உடனே தெரியும். பிறர் பட்டியலிலிருந்து எடுத்தவருக்கு ரிவியூவருக்குச் சொல்லப் பதிலே இருக்காது.

மூலம் எங்கு தேடியும் கிடைக்காவிட்டால் ‘இன்னாரில் மேற்கோள் காட்டியபடி’ என்று எழுதி, நீங்கள் படித்ததை மட்டும் பட்டியலில் போடுங்கள். கிடைக்காத பேப்பரை ஆசிரியருக்கு மெயில் போட்டுக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாக அனுப்புவார்கள்.

அந்த ஐநா அறிக்கைக்கு ஆசிரியர் யார்?

குழுவே ஆசிரியர். சாஃப்ட்வேர் இதை ஒரு மனிதர் என்று நினைத்து, ‘ரேடியேஷன்’ என்ற கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக்கி மற்றதையெல்லாம் இனிஷியலாக்கிவிடும். அச்சான பேப்பர்களிலேயே இதைப் பார்க்கலாம். ஜோட்டெரோவில் ஆசிரியர் கட்டத்துக்குப் பக்கத்தில் இரண்டு கட்டத்தை ஒன்றாக்கும் சிறு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினால் சரியாகிவிடும். வானிலைத் துறை, மீன்வளத் துறை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

மீன் பெயருக்குப் பின்னால் வரும் ‘குவியர், 1816’ என்பதையும் ரெஃபரன்ஸில் சேர்க்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். அது அந்த இனத்துக்குப் பெயரிட்டவரின் அடையாளம், உங்கள் மேற்கோள் அல்ல. வகைப்பாட்டியல் பேப்பராக இருந்து ஜர்னல் கேட்டால் மட்டும் சேருங்கள்.

ஆனால் அந்த அடைப்புக்குறியில் கவனம் தேவை. குளச்சலிலும் முட்டத்திலும் இறங்கும் அயிலையின் பெயர் ராஸ்ட்ரெலிகர் கனகுர்த்தா, அதன்பின் ‘குவியர், 1816’ அடைப்புக்குள் வரும். சாளையின் பெயர் சார்டினெல்லா லாஞ்சிசெப்ஸ், அதன்பின் ‘வாலென்சியென்ஸ், 1847’ அடைப்பில்லாமல் வரும். குவியர் அயிலையை வேறு பேரினத்தில் வைத்திருந்தார், பிறகு அது மாற்றப்பட்டது, அதனால் அடைப்பு. வாலென்சியென்ஸ் வைத்த பேரினத்திலேயே சாளை இன்றும் இருக்கிறது. ‘ஒரே மாதிரி இருக்கட்டும்’ என்று எல்லாவற்றுக்கும் அடைப்பு போட்டால் தகவலே தப்பாகிவிடும். தாவரவியல்காரர்களுக்கு வழக்கம் வேறு: தென்னைக்குக் கோகோஸ் நூசிஃபெரா, பின்னால் லின்னேயஸைக் குறிக்கும் ‘எல்’ எழுத்தும் புள்ளியும், ஆண்டு கிடையாது.

கட்டுரைத் தலைப்பில் வரும் இனப்பெயரும் சாய்வெழுத்தில் இருக்க வேண்டும். தரவுதளத்திலிருந்து இறக்கும்போது சாய்வு போய்விடும். இறக்கிய கையோடு ஜோட்டெரோவின் தலைப்புக் கட்டத்திலேயே சரிசெய்து வையுங்கள்.

தமிழ்ப் புத்தகத்தையும் பழைய திருவிதாங்கூர் ஆவணங்களையும் எப்படிக் காட்டுவது?

தயங்காமல் காட்டுங்கள். ஆங்கிலத்தில் இல்லை என்பதற்காக ஒரு நல்ல ஆதாரத்தை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது வருத்தமான விஷயம். தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்தில் எழுதி, சதுர அடைப்புக்குள் ஆங்கில அர்த்தம் கொடுத்து, இறுதியில் ‘தமிழில்’ என்று ஆங்கிலத்தில் குறிப்பிடுங்கள். ரோமன் எழுத்துக்கு ஐஎஸ்ஓ 15919 முறை உண்டு. எந்த முறையை எடுத்தாலும் பட்டியல் முழுக்க ஒன்றையே பின்பற்றுங்கள், ஒரு வரியில் ‘ழ’வுக்கு ஒரு எழுத்து, அடுத்த வரியில் வேறு எழுத்து என்று வரக் கூடாது.

1956 நவம்பர் 1 வரை நம் பகுதி திருவிதாங்கூர் வழியில் வந்தது என்பதால் பழைய ஆதாரங்கள் அந்தப் பக்கத்தில்தான் கிடைக்கும். நாகம் அய்யாவின் ‘திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவல்’ 1906இல் மூன்று தொகுதிகளாக வந்தது. தொகுதி எண்ணைக் குறிக்காமல் அதை மேற்கோள் காட்டினால் பயனில்லை. பதிப்பிடம் ‘ட்ரிவாண்ட்ரம்’ என்று அச்சாகியிருந்தால் அப்படியே விடுங்கள், திருவனந்தபுரம் என்று மாற்ற வேண்டாம். மறுபதிப்பைப் படித்திருந்தால் மறுபதிப்பின் ஆண்டையும் சேருங்கள், பக்க எண்கள் மாறியிருக்கலாம்.

மீனவர்களும் காணிப் பழங்குடி மக்களும் சொன்ன தகவலுக்கு ரெஃபரன்ஸ் உண்டா?

பட்டியலில் வராது, எழுத்துக்குள் வரும். ஏபிஏவில் ‘நேரடித் தகவல்’ என்று அடைப்புக்குள் தேதியோடு எழுதுவார்கள். முறையாக நேர்காணல் எடுத்திருந்தால் அது உங்கள் தரவு, ஆய்வுமுறைப் பகுதியில் எத்தனை பேர், எந்த ஊர், எந்த மாதம் என்று சொல்ல வேண்டும். பெயர் வெளியிட ஒப்புதல் வாங்காமல் பெயர் போடாதீர்கள். மருந்துச்செடி அறிவைச் சொன்னவர்களுக்கு நன்றி தெரிவிக்கும் பகுதியில் அவர்கள் விரும்பியபடி இடம் கொடுங்கள். ‘உள்ளூர் மக்கள் நம்புகிறார்கள்’ என்று ஒரு வரியில் கடந்துபோவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

சாட்ஜிபிடியிடம் ரெஃபரன்ஸ் கேட்டேன், நன்றாகத் தந்தது. போடலாமா?

ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்காமல் போடாதீர்கள். உண்மையான ஆசிரியர் பெயர், உண்மையான ஜர்னல், பொருத்தமான தலைப்பு எல்லாம் இருக்கும், அப்படி ஒரு கட்டுரை மட்டும் இருக்காது. டிஓஐயைத் திறந்து பாருங்கள், வேறு எதற்கோ போகும் அல்லது எங்கும் போகாது. டிஓஐ இல்லையென்றால் ஜர்னலின் தளத்தில் அந்தத் தொகுதியின் பொருளடக்கத்தில் அந்தப் பக்கத்தைத் தேடுங்கள். இல்லாத பேப்பரை மேற்கோள் காட்டியது எடிட்டர் கண்ணில் பட்டால், உங்கள் அளவீடுகள் எல்லாமே சந்தேகத்துக்குள்ளாகும். இரண்டு வருட உழைப்பை அதற்கா பணயம் வைப்பது?

திரும்பப் பெறப்பட்ட பேப்பர் என்று எப்படித் தெரியும்?

தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட 1998 ‘லான்செட்’ கட்டுரை 2010இல்தான் திரும்பப் பெறப்பட்டது, அதற்குள் எவ்வளவோ பேர் காட்டிவிட்டார்கள். பதிப்பகத்தின் பக்கத்தில் அறிவிப்பு இருக்கும். நீங்கள் பழைய பிடிஎஃப்பை வைத்திருந்தால் தெரியாது. திரும்பப் பெறப்பட்ட பேப்பர்களைத் தொகுக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுதளத்தை 2023இல் க்ராஸ்ரெஃப் வாங்கி இலவசமாகத் திறந்துவிட்டது. ஜோட்டெரோவும் அதைப் பார்த்துச் சிவப்புப் பட்டையில் எச்சரிக்கும்.

ரிவியூவர் தன்னுடைய ஐந்து பேப்பர்களைச் சேர்க்கச் சொல்கிறார். என்ன செய்வது?

படியுங்கள். பொருந்துவதைச் சேருங்கள். பொருந்தாததை ஏன் சேர்க்கவில்லை என்று பணிவாக, காரணத்தோடு பதில் கடிதத்தில் எழுதுங்கள். மிரட்டல் போலத் தோன்றினால் எடிட்டருக்குத் தனியாகச் சொல்லுங்கள். ஆய்வு மாணவர் என்பதால் வாய் திறக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

ரெஃபரன்ஸ் பட்டியல் நீளமாக இருந்தால் சிமிலாரிட்டி சதவீதம் (பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு) ஏறுமே?

யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிகளின்படி சோதனையில் ரெஃபரன்ஸ் பட்டியலையும், உரிய குறிப்போடு எடுத்தாண்ட மேற்கோள்களையும் விலக்கித்தான் கணக்கிட வேண்டும். 10 சதவீதம் வரை தண்டனை கிடையாது. அறிக்கையில் சதவீதம் அதிகமாக வந்தால் பட்டியல் விலக்கப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். பயந்துபோய் நல்ல ரெஃபரன்ஸ்களை வெட்டாதீர்கள்.

தீசிஸ் அத்தியாயத்தைப் பேப்பராகச் சுருக்கும்போது?

எழுத்தில் வெட்டியவை பட்டியலில் தங்கிவிடும். சாஃப்ட்வேர் இல்லாதவர்கள் பட்டியலின் பிரதியை அச்செடுத்து, எழுத்தில் ஒவ்வொரு மேற்கோளைக் காணும்போதும் டிக் போடுங்கள். டிக் விழாததை நீக்குங்கள். எண் முறையில் இன்னொன்று: அட்டவணைக்குள் மட்டும் வரும் மேற்கோளின் எண், அந்த அட்டவணை எழுத்தில் முதலில் குறிப்பிடப்படும் இடத்தைப் பொறுத்தது. அட்டவணை கடைசிப் பக்கத்தில் இருப்பதால் கடைசி எண் கொடுப்பது தவறு.

பேப்பர் ஏற்கப்பட்டுவிட்டது. இனி ரெஃபரன்ஸைப் பார்க்க வேண்டுமா?

ப்ரூஃப் (அச்சுக்கு முன் சரிபார்க்க அனுப்பும் படி) வரும்போது பார்த்தே ஆக வேண்டும். ஓரத்தில் கேள்விகள் எழுதி அனுப்புவார்கள்: 14ஆம் எண்ணுக்குப் பக்கம் இல்லை, 22 எழுத்தில் வரவில்லை, 31 ‘அச்சில்’ என்று இருக்கிறதே வந்துவிட்டதா. பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்தான் அவகாசம். ஒவ்வொரு கேள்விக்கும் ‘சரி’ என்று மட்டும் போடாமல் விடையை எழுதுங்கள். சில ஜர்னல்களில் பக்க எண்ணே கிடையாது, கட்டுரை எண்தான் உண்டு. அப்படியானால் அதையே கொடுத்து, பக்கம் இல்லை என்று ஒரு வரி சேருங்கள். ப்ரூஃபில் உங்கள் பெயரின் இனிஷியலையும் கூட்டு ஆசிரியர்கள் ஒவ்வொருவர் பெயரையும் எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். அச்சான பிறகு ஒரு எழுத்தை மாற்றக்கூடத் தனியாகத் திருத்த அறிவிப்பு வெளியிட வேண்டியிருக்கும்.